விரைவாக விசாரித்தோம்

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தையல்காரம்மாவுக்கு உள்ளே நடப்பது தெரிகிறது, கேட்கவில்லை. வக்கீல்களைக் கண்காணிக்கும் மன்றத்தின் அலுவலகம் இது. கேஸ் கட்டை வாங்கி வைத்துக்கொண்டு கோர்ட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காத தன் வக்கீலைப் பற்றி அவள் கொடுத்த மனு இங்கேதான் கிடக்கிறது. சாய்ந்த வெயிலில் மேசைமேல் தண்ணீர் டம்ளர்கள் மினுங்குகின்றன. மீசைக்கார வக்கீல் எழுந்து, இல்லாத நீதிபதியைப் பார்த்துக் கை நீட்டி வாதாடுகிறார். இன்னொருவர் குறுக்கே பாய்கிறார். தலைவர் ஒரு தாளைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். யாருக்காக இப்படி வரிந்து கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்? தனக்காகத்தானோ? கழுத்தில் தொங்கும் அளவு நாடாவை விரலில் சுற்றியபடி அவள் எக்கிப் பார்க்கிறாள். கதவு திறக்கிறது, டைப்பிஸ்ட் பெண் காலி ஃபிளாஸ்க்கோடு வெளியே வருகிறாள்.

"என் மனுவையாம்மா பேசுறாங்க?"

"இல்லக்கா, வருஷ அறிக்கை. இன்னிக்குள்ள அனுப்பியாகணும். 'புகார்களை விரைவாக விசாரித்தோம்'னு ஒரு வரி. அந்த 'விரைவாக' இருக்கலாமா கூடாதான்னு காலையிலேர்ந்து மல்லுக்கட்டுறாங்க."

"அப்ப என்னோடது?"

"இன்னிக்கு எடுக்கிறதாத்தான் இருந்துச்சு."

உள்ளே கைகள் ஒவ்வொன்றாக உயர்கின்றன. டைப்பிஸ்ட் திரும்பிப் பார்க்கிறாள். "'விரைவாக' இருக்கட்டும்னு முடிவாயிடுச்சுக்கா."

தலைவர் சிரித்தபடி எழுந்து மின்விசிறியை அணைக்கிறார்.