வழி விட்டவர்

எழுதிப் பழகாத எளியேன், பெரியோர் வாசிக்கும் பக்கத்தில் இடம் கேட்பதைப் பொறுத்தருள வேண்டுகிறேன். கண்ணில் பட்டதை மட்டுமே கூறுகிறேன்.

நெடுஞ்சாலையை ஒட்டிய சைக்கிள் கடையில் முற்பகல் வெயில் சாய்ந்து விழுகிறது. லாரிகள் கடக்கும்போதெல்லாம் ஆணியில் தொங்கும் டியூப்கள் அசைகின்றன. நெளிந்த பின்சக்கரத்தைக் கடைக்காரர் சுழற்றுகிறார். அது கால்வட்டம் சுற்றி, பிரேக்கில் உரசி நின்றுவிடுகிறது. ரொட்டித் தொழிற்சாலைச் சீருடை அணிந்த பெண்ணொருவர், மாவுக்கட்டிட்ட கையை மார்போடு அணைத்தபடி அதையே பார்க்கிறார். "பின்னாடி ஹாரன் அடிச்சாங்க. வழி விட்டேன்" என்கிறார். "வழி விடுறேன்னு தார் முடியற இடத்துல இறங்கிட்டியாம்மா? ஓரத்துலதானே பள்ளமே இருக்கு! கொஞ்சம் உள்ள தள்ளி, கெத்தா போகணும்" என்கிறார் கடைக்காரர். உடன் வந்த அண்ணன் சீறுகிறார்: "உள்ள தள்ளிப் போனா, லாரிக்காரன் சலாம் போடுவானா? இனிமே பஸ்ல போ."

"முதல் பஸ்ஸே ஏழு மணிக்குண்ணா. ஷிப்ட் ஆறு மணிக்கு."

"அப்ப வேலையை விடு."

"நாலு வருஷமாப் போறேன்ணா."

அண்ணன் சாலையைப் பார்க்கிறார். "சரி பண்ணி வைக்கவாம்மா?" என்று கடைக்காரர் கேட்கிறார். "வேணாம். நீங்களே வச்சுக்குங்க" என்கிறார் அப்பெண், வேறு யாருடைய சைக்கிளைப் பற்றியோ பேசுவதுபோல. மீண்டும் ஒரு லாரி கடக்கிறது. புழுதி அடங்கும்வரை மூவரும் கண்களை மூடிக்கொள்கிறார்கள்.

போனவை இவ்வளவே: ஒரு சைக்கிள், நான்காண்டு வேலை, எவர் துணையுமின்றிப் போய்வந்த சாலை.