மூணாவது சாக்கு

மாப்பிள்ளை வீட்டிலிருந்து மூணாவது தடவையும் சொல்லி அனுப்பிட்டாங்க. ஆஸியாட கல்யாணத்தைத் தள்ளிப் போடணுமாம்.

"இந்தத் தடவை என்ன சாக்கு?" என்று பெண்ணோட வாப்பா, எனக்கு மூத்த நானா புஹாரி கேட்டார்.

"அவங்க வீட்டுக்கு அடிச்ச பெயின்ட் இன்னும் காயல்லையாம்" என்றேன்.

"இந்த வெயில்லயா? என்ன, மழைத் தண்ணியக் கரைச்சா அடிச்சாங்க?"

முதல் தடவை, மாப்பிள்ளையோட உம்மம்மாவுக்குச் சுகமில்லைன்னாங்க. மறுநாளே அந்தக் கிழவி மாத்தளைச் சந்தையில மீன்காரனோட சண்டை பிடிச்சுக்கிட்டு நின்னதை நானே பார்த்தேன். ரெண்டாவது தடவை, ரோட்டுல ஆமி செக்கிங் கூடிப் போச்சு, சொந்தக்காரங்க வரப் பயப்படுறாங்கன்னாங்க. இலங்கையில சண்டை நடந்த 2008ல செக்கிங் இல்லாத நாள் ஏது? அதே கிழமை எங்கட ஊர் உக்குவளையில மட்டும் மூணு கல்யாணம். மூணுலயும் சஹன் தட்டைச் சுத்தி உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டவன் நான்.

உண்மையான காரணம் ஊருக்கே தெரியும். சம்பந்தம் பேசி முடிச்ச கையோட நானாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துட்டுது. அப்படிப்பட்ட வீட்டுல பெண் எடுக்க அவங்களுக்கு மனசில்ல. அதை நேராச் சொல்ல வாயுமில்ல. சே, என்ன மனுஷங்க!

நிகாஹ் சொல்லும்போது பெண்ணோட வாப்பாவும் மாப்பிள்ளையும் வலது கையோட வலது கை பிடிக்கிறது எங்கட வழக்கம். அதனால கை விழுந்த புதுசுலயே பள்ளிவாசல் ஹஸ்ரத் வந்து, என்னைக் காட்டிப் பதமாத்தான் பேசினார்.

"நீங்க தம்பி ஸக்கரியாவுக்குப் பொறுப்பக் குடுங்களேன். அவர் கை பிடிச்சாலும் நிகாஹ் கூடும்."

நானாவுக்குக் கைதான் விழுந்தது, வாய் விழல்ல.

"இருபத்திரண்டு வருஷமா என் மகள் ஆஸியாவ வளர்த்தது ஸக்கரியாட கையா? மிளகு மூட்டை தூக்கித் தூக்கி இந்தக் கைதான் வளர்த்தது. இந்தக் கைதான் குடுக்கும்."

"ஏலாமப் போனா?" என்று மெதுவாக் கேட்டேன்.

"ஏலாதுன்னு இன்னொருக்காச் சொன்னா உன்ட பல்லக் கழட்டிருவேன். இடது கை நல்லாத்தான் ஈக்குது!"

மாத்தளை டவுன்ல ஒரு கிளினிக்குக்கு வெளிநாட்டுக்காரங்க ரோபோ மெஷின் ஒண்ணு குடுத்திருந்தாங்க. விழுந்த கையை அதுல வச்சுப் பட்டி போட்டுக் கட்டுவாங்க. எதிரே திரையில ஒரு மாம்பழம் தெரியும். கையை நீட்டி அதைத் தொடணும். நாம கொஞ்சமாவது உன்னினாத்தான் மிச்சத்தை மெஷின் தூக்கிவிடும். சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும். கடைசியில, நூறு பங்குல நம்ம பலம் எவ்வளவுன்னு காட்டும்.

முதல் நாள் நாலுன்னு காட்டினது.

"நாலா? இந்த ரோபோவுக்குக் கண் பொட்டை!" என்று நானா கத்தினார்.

பயிற்சி குடுக்கிற லூசியா மிஸ் சிரிச்சாங்க. "கத்துற பலத்தைக் கையில காட்டுங்க முதலாளி."

கிழமைக்கு மூணு நாள் நான்தான் கூட்டிக்கிட்டுப் போவேன். உம்மம்மா சாக்கு வந்த அன்னைக்கு, "என்ட கையப் பார்த்தா இளக்காரமாப் போச்சா?"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உன்னினார். பத்து வந்தது. செக்கிங் சாக்குக்கு முப்பது. பெயின்ட் சாக்கு வந்த கிழமை, மாம்பழம் மாப்பிள்ளையோட முகம்தான்னு சொல்லிச் சொல்லியே அறுபதைத் தாண்டினார். இன்னும் ரெண்டு சாக்குச் சொன்னா மனுஷன் மரத்துல ஏறி மிளகே பறிச்சிருவார்.

நாலாவது தேதி தள்ளிப் போகல்ல.

நானா வீட்டு ஹால்ல மாப்பிள்ளை மக்கீன் வந்து நானாவுக்கு எதிரே உட்கார்ந்தார். ஹஸ்ரத் ஓரக்கண்ணால என்னைப் பார்த்தார். நானும் கொஞ்சம் முன்னால நகர்ந்தேன். நானா முறைச்ச முறைப்புல பழைய இடத்துக்கே போயிட்டேன்.

மடியில கிடந்த வலது கை மெதுவா எழும்பினது. பாதியில நின்னது. நெத்தியில வேர்த்துக் கொட்டுது. மக்கீன் தன் கையை நீட்டினபடி அப்படியே இருக்கார். அட, ஒரு சாண் முன்னால வந்து பிடிச்சா குறைஞ்சா போயிருவார்? என்ன திமிர்!

நானா மூச்சை இழுத்து ஒரு உன்னு உன்னினார். கை போய்ச் சேர்ந்தது. மக்கீன் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார். நிகாஹ் முடிஞ்சது. எனக்குக் கண்ணெல்லாம் தண்ணி.

நானா மட்டும் பிடிச்ச கையை விடல்ல. சபைக்கே கேக்கிற மாதிரிக் கேட்டார்: "என்ன மருமகன், பெயின்ட் காஞ்சிருச்சா?"

மக்கீன் தலையைக் குனிஞ்சு சிரிச்சார்.

சாப்பாட்டுக்கு எழும்பும்போது பெண்கள் பக்கமிருந்து லூசியா மிஸ் வந்தாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஊரெல்லாம் கூப்பிட்டோம், கையைத் தூக்கிவிட்ட மனுஷியைக் கூப்பிட மறந்துட்டோம்.

"மன்னிச்சுக்கங்க மிஸ். உங்களுக்கு யார் சொன்னது?"

"மாப்பிள்ளைதான். ஏழு மாசமா கிழமை தவறாம கிளினிக்குக்கு வந்து, 'மாமாட கை எவ்வளவு தூரம் எழும்புது'ன்னு கேப்பாரு. 'இன்னும் நிகாஹ்வுக்குப் பத்தாது'ன்னு நான் சொன்ன மூணு தடவையும், வீட்டுக்குப் போய் ஒரு சாக்கைக் கண்டுபிடிச்சுத் தேதியைத் தள்ளிப் போட்டிருக்காரு."