ஒரு தப்பாவது கிடைக்காதா

புரதத்தின் வடிவத்தைக் கணினி தவறாகச் சொல்லியிருப்பதைக் கண்டுபிடித்தால்தான் எங்கள் துறையில் இப்போதெல்லாம் முனைவர் பட்டம். ஐந்து வருடம் மண்டையை உடைத்து நான் கண்ட வடிவம், கணினி சொன்னதோடு அச்சு அசலாகப் பொருந்தியது. சரியாகச் செய்த பாவத்துக்குப் பட்டம் இல்லை என்றுவிட்டார்கள். பக்கத்து மேசை சங்கவியின் புரதத்தில் கணினியே சறுக்கியிருந்தது. அதிர்ஷ்டக்காரி!

அவள் ஆய்வேட்டைச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. சோறு தண்ணீர் மறந்து ஒரு வாரம் அணு அணுவாகத் துழாவினேன். பாவி, ஒரு பிழைகூட வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"மன்னிச்சுக்கோ சங்கவி. தப்பு கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டேதான் தேடினேன்."

"தெரியும்டா. அதான் உன்கிட்டயே கொடுக்கச் சொல்லி சார்கிட்ட அடம் பிடிச்சேன். வேற யாரு இவ்வளவு ஆசையாத் தேடுவா?"