சைலன்சரைத் திறக்கலாமா?

வித்துரா சந்தையில் மெஷின் பழுதுபார்க்கும் செல்வமணிக்கு, மரம் வெட்டும் ஜெபசிங்கின் தயக்கம் பிடிபடவே இல்லை.

"சைலன்சரைக் கொஞ்சம் திறந்துவிட்டா போதும்ணே, மரமறுக்கிற மெஷின் பறக்கும். சத்தம் கூடும், அவ்வளவுதான்."

"அந்தச் சத்தம்தான் வேண்டாம்ங்கேன்" என்றான் ஜெபசிங்.

"நான் வேணும்ங்கேன்" என்றாள் அவன் மனைவி ஜெஸ்லின். "ஆஞ்சிலி மரத்துல வச்சா மெஷின் திணறுது. நாளைக்கு வெட்டப் போறது அதைவிடப் பெரிசு."

செல்வமணிக்குச் சுருக்கென்றது. கட்டின புருஷனை இப்படியா ஒருத்தி விரட்டுவாள்?

"உங்களுக்கென்னக்கா, கீழ நின்னுட்டு எதுவும் சொல்லலாம். உச்சாணிக் கொம்புல மெஷினைப் பிடிச்சிட்டு நிக்கறவருக்கல்லே கஷ்டம் தெரியும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"மேல ஏறுறது அவளாக்கும்" என்றான் ஜெபசிங். "எனக்கு உயரத்துல போனா தலை சுத்தும். நான் கீழ கயிறு பிடிக்கிற ஆளு." அவன் சிரிப்பு அடங்கியிருந்தது. "கொம்பு அவ பக்கம் சாயுறது கீழ இருந்து பார்த்தாத்தான் தெரியும். நிறுத்துன்னு நான் கத்துறது அவளுக்குக் கேக்கணும், தம்பி."

ஜெஸ்லின் செல்வமணியின் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"செயினை மட்டும் தீட்டித் தா தம்பி. வீட்டுலதான் இவர் பேச்சு என் காதுல ஏறாது. மரத்துலயாவது ஏறட்டும்."