வரைபடத்தை மட்டும்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் மென்பொருள் முழுவதும் ஒரே புரோகிராமாக இருந்தது. ஒருநாள் அதற்குள் வழிகாட்டும் வரைபடப் பகுதி பழுதாகி நின்றபோது மற்றதெல்லாம் சேர்ந்து நின்றுபோனது. வெகுநேரம் ஒரு வண்டியும் கிளம்பவில்லை. புதிதாக வந்திருந்த இயக்குநர் அருள்வாசகன், அதை முப்பது சின்னப் புரோகிராம்களாகப் பிரித்துவிடச் சொன்னார்.

அந்த மென்பொருளை எழுதிய ஜெசிந்தா வரைபடத்தை மட்டும் தனியே பிரித்தாள். சோதனை அறையில் அவர் கண்ணெதிரிலேயே அதை நிறுத்திக் காட்டினாள். வரைபடம் இல்லாமலே அழைப்பு வந்தது, வண்டி ஒதுக்கப்பட்டது.

அருள்வாசகன் சிரித்தார். "பிரிச்சா நல்லதுதானே? மீதியையும் பிரிச்சிடுங்க."

"மாட்டேன் சார். வரைபடம் இல்லேன்னா வழி கேட்டுப் போயிடலாம். ஃபோன் எடுக்கிறதையும் வண்டி அனுப்புறதையும் பிரிச்சா, இங்க சொன்னது அங்க போய்ச் சேர்ந்துச்சான்னு பாக்கவே தனியா ஆள் வேணும். நாங்க மொத்தமே மூணு பேரு."

"பெரிய கம்பெனியில எல்லாம் அப்படித்தான் பண்றாங்க."

"அங்க ஆளும் நிறைய சார்."

அவர் முகம் இறுகியது. "வேற ஆளை வச்சுப் பிரிச்சுக்கறேன்."

"தாராளமா வைங்க. நான் வேலைய விட்டுப் போகமாட்டேன். அவங்க பிரிச்சுத் தர்ற ஒவ்வொண்ணையும் இதே அறையில நிறுத்திப் பாப்பேன். வண்டி கிளம்பலேன்னா அதைக் கட்டுப்பாட்டு அறைக்குள்ள விடமாட்டேன்."

"அந்த அதிகாரத்தை உங்களுக்கு யார் குடுத்தா?"

ஜெசிந்தா சோதனைத் திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.