வாளிக்குள் துணி

"மழை பெய்யறப்ப மட்டும் லைன் வீட்டுப் பக்கம் போயிராதே கண்ணு" என்பார் கோவிந்தராஜுலு. கூடவே ஒரு காரணமும் சொல்வார். மகன் சாய்கிருஷ்ணாவுக்கு அந்தக் காரணந்தான் மறந்துபோயிருந்தது.

அப்பா போய் மூன்று மாதம். சார்ஜாவிலிருந்து பத்தொன்பது வருடம் கழித்துத் திரும்பியவனுக்கு, பல்லடத்தில் அவர் விட்டுப்போனது வரிசையாக வாடகைக்கு விட்ட ஆறு ஓட்டு வீடுகளும் ஒரு கெட்ட பேரும்.

"வாடகை வாங்கத் தெரியும், ஒரு ஓடு மாத்தத் தெரியாதுங்க உங்கப்பாவுக்கு" என்று டீக்கடையில் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

கூசியது. மேஸ்திரி கிருபாவைக் கூட்டிக்கொண்டு, கொட்டுகிற மழையிலேயே போய் நின்றான்.

முதல் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள் பாவாத்தாள். தறிக்குடோனில் வேலை செய்பவள்.

"ஏனுங்க தம்பி, இந்த மழையிலயா? நாளைக்கு வாரதுதானுங்க?"

"வீடு ஒழுகுதாமே?"

"ஆருங்க சொன்னது? ஒரு பொட்டுத் தண்ணி இல்லீங்க."

அவள் கொண்டையிலிருந்து நீர் சொட்டியது.

"கொஞ்சம் நகருங்கக்கா."

உள்ளே நாலு இடத்தில் ஒழுகியது. வாளி, குண்டா, சோத்துப் போசி, பெயிண்ட் டப்பா. ஒவ்வொன்றுக்குள்ளும் அடியில் மடித்துப் போட்ட பழந்துணி.

"துணி எதுக்கு?"

"சொட்டற சத்தம் வெளிய கேக்கப்படாதுங்களே."

"சொல்லியிருந்தா சரி பண்ணியிருப்பமே!"

"அதுக்குத்தானுங்க சொல்றதில்ல." அவள் குரல் இறங்கியது. "முந்தி இருந்த ஊட்டு ஓனரு தங்கமான மனுசன். கேக்காமயே தளம் போட்டுக் குடுத்தாரு. மறு மாசமே ரெண்டாயிரம் வாடகை ஆறாயிரமாச்சு. மூணு மாசம் அலைஞ்சு இங்க வந்தனுங்க. ஒழுகாத ஊடு நமக்குக் கட்டாதுங்க தம்பி."

"அப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாமயா? தளம் போட்டா கடன் வாங்கோணும், அது உங்க வாடகை மேலதான் ஏறும்னாரு. ஆறு ஊட்டுக்காரங்களும் கும்புட்டு, வேண்டாமுங்கன்னு சொல்லிப்போட்டோம். ஊரு பேசறத அவரு வாங்கிக்கிட்டாரு. மழை விட்ட மறுநா, வாசல்ல தார்ப்பாய் கெடக்கும். ஆரு வெச்சதுன்னு நாங்க கேக்கறதில்ல. அவரும் சொல்றதில்ல."

மறந்த காரணம் இப்போது நினைவுக்கு வந்தது. 'கண்ணுல பார்த்துட்டா, அப்புறம் எதாச்சும் பண்ணித்தானே ஆகோணும்?'

கிருபா கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுக் காதருகே வந்தான். "காங்கிரீட் போட்டுட்டா ஏழாயிரம் வாடகைக்குக் கண்ண மூடிட்டு விடலாமுங்க."

"தம்பி" பாவாத்தாள் கைகூப்பினாள். "நீங்க பாக்கவே இல்லீன்னு வெச்சுக்குங்க."

சாய்கிருஷ்ணா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான்.

"அப்பா மாதிரி என்னால இருக்க முடியாதுங்கக்கா. மனசு கேக்கல."

வெளியே வந்தவன், கிருபாவிடம் திங்கட்கிழமை ஓடுகளைப் பிரிக்கச் சொன்னான். 'டூலெட்' போர்டும் ஒன்று எழுதிவைக்கச் சொன்னான்.