இடிமாறன் சாகக் கூடாது

"கேடயம் வேண்டாம். நேரா பூதத்து மேலயே பாயுதேன்," என்றான் அலி அக்பர்.

"ஏலே, உசிரு மூணு புள்ளிதாம்லே மிச்சம்!" மதுமதி பதறினாள்.

"இருக்கட்டும்."

பாளையங்கோட்டையில் கோமுவின் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் இந்த ஆட்டம். அக்பர், மதுமதி, டார்லின் மூன்று பேரும் ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறுவார்கள். கதையையும் பூதங்களையும் நடத்துவது கோமு. அடி விழுந்ததா, தப்பியதா என்று இருபது முகப் பகடை சொல்லும். கோமுவின் பகடை மட்டும் ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உருளும். அவள் சொல்வதுதான் எண்.

அந்த அட்டைக்குப் பின்னால் மூன்று மாதமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள் கோமு. அக்பர் ஆடும் வீரன் இடிமாறனுக்கு அவளே நாற்பது பக்கம் பூர்வகதை எழுதிக் கொடுத்திருந்தாள். "நல்லாருக்குக்கா," என்று அவனும் மரியாதையாகச் சொல்லியிருந்தான்.

போன வருஷம் ஒரு பையனின் வீரனைச் சாகவிட்டாள். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு யாருமே வரவில்லை.

பூதத்துக்காகப் பகடையை உருட்டினாள். பத்தொன்பது. இடிமாறன் காலி.

"ரெண்டு," என்றாள் கோமு. "பூதம் வழுக்கி விழுந்துட்டு."

"மறுபடியுமா?" டார்லின் பென்சிலை வீசினாள். "எக்கா, எண்ணெய் தடவியா பூதம் வளக்குதிய? யாருமே சாவ மாட்டோம்னா என்னத்துக்கு ஆட்டம்? அடுத்த வாரம் நான் வரல."

சாகவிட்டாலும் போகிறார்கள், காப்பாற்றினாலும் போகிறார்கள். கோமு அட்டையை மடக்கிக் கீழே வைத்தாள்.

"சரி. இனி எல்லாரும் பாக்கத்தான் உருட்டுவேன்."

அக்பர் மறுபடியும் பாய்ந்தான், கேடயம் இல்லாமலே. பூதத்துக்காகக் கோமு போட்ட பகடை உருண்டோடி மிக்சர் தட்டில் இடித்து நின்றது. இருபது.

இடிமாறன் செத்தான். மதுமதி வாயைப் பொத்திக்கொண்டாள். அக்பர் குனிந்து தன் பையை எடுத்தான். கிளம்பிவிட்டான் என்றே கோமு நினைத்தாள்.

"தம்பி, மன்னிச்சிரு..."

அவன் பையிலிருந்து ஒரு தாளை உருவினான். பல வாரம் மடித்தே வைத்திருந்து ஓரமெல்லாம் கிழிந்திருந்த அந்தத் தாளின் தலையில், 'புதுக் கதாபாத்திரம்: சமையல்காரன் சொக்கு' என்றிருந்தது. முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தான்.

"மூணு மாசமா சாகப் பாக்கேன், விட்டாத்தானக்கா!"